எங்கள் புது வீட்டைச் சுற்றி அடிக்கடி பாம்பு வருகிறது. காம்பவுண்டு ஓரத்தில் மிச்சச் செங்கலும் சென்ட்ரிங் பலகையும் கிடக்கின்றன. வராமல் தடுக்க என்ன செய்யலாம்? கண்டால் அடிப்பதா, விட்டுவிடுவதா?

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில், ஒரு தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. கல்யாணமாகி இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. பாம்பு கண்ணில் படாமல் ஒரு மாதம் போனதாக நினைவில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அடிக்காதீர்கள். முழுக்க வராமல் தடுக்கவும் முடியாது. ஆனால் பாம்பு இருக்கிற இடத்தில் கடிபடாமல் இருக்க முடியும்.

நாம் பயப்படுவது பெரும்பாலும் கண்ணில் படுகிற பாம்புக்கு. பட்டப்பகலில் வேலியோரம் சரசரவென்று ஓடுகிற ஆறடிப் பாம்பைப் பார்த்ததும் தடியைத் தேடுகிறோம். அது பெரும்பாலும் சாரை. விஷமே கிடையாது, எலி பிடிக்க வந்திருக்கும். எங்கள் வீட்டில் கடித்த பாம்பை, கடித்தபோது யாருமே பார்க்கவில்லை. கடிபட்டவருக்கே தெரியவில்லை.

கடிபட்டவர் என் மாமியார். சித்திரை மாதம், கரண்ட் வேறு இல்லை. ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், காற்று வரும் என்று கோரைப்பாய் விரித்துப் படுத்திருந்தார். ராத்திரி இரண்டு மணி இருக்கும், வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். காலில் வீக்கமில்லை, ரத்தமில்லை, பல் பட்ட தடம்கூட இல்லை. வலி நிற்காததால் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிகிற நேரத்தில் "கண்ணத் தொறக்கவே முடியல கண்ணு" என்றார். தூக்கம் என்று நினைத்தேன். ஆனால் இமை இரண்டும் பாதிக் கண் வரை சரிந்து கிடந்தன. பேச்சு மூக்கால் வந்தது. பாயைச் சுருட்டிய என் கணவர்தான் கத்தினார். தலையணை இருந்த பக்கம், பாய்க்கும் தரைக்கும் நடுவே, பளபளவென்று கறுப்பாக, உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று சுருண்டிருந்தது. கட்டு விரியன்.

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, நான்கு நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் வீட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

கட்டு விரியனின் பல் மிகச் சிறியது. கடி எறும்பு கடித்த அளவுக்குக்கூட உறைக்காமல் போகலாம். அதன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். முதலில் இமை சரியும், அப்புறம் எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். பகலெல்லாம் எங்கோ பதுங்கிக் கிடக்கும், ராத்திரிதான் இரை தேடும். எலி, பல்லி, மற்ற பாம்புகள் எல்லாமே அதற்கு இரை. அப்படி வீட்டுக்குள் நுழைந்த இடத்தில், தூங்குகிறவர் புரண்டு கை பட்டாலோ கால் பட்டாலோ கடித்துவிடும். இரவு தரையில் படுத்தவர் காரணமில்லாத வயிற்று வலியோடு எழுந்து, இமையும் சரிய ஆரம்பித்தால், தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தரையில் படுப்பதில்லை. கட்டில், அதன் மேல் கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாம்புக்கடிக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. பேரன் பேத்திகள் வந்தால் மாமியாரே அவர்களுடைய வலையைச் சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். இதில் மிகப் பெரும் பங்கு நான்கே பாம்புகளுடையது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இந்த நான்கின் படத்தையும் காட்டி வையுங்கள்.

அடுத்தது கண்ணாடி விரியன். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் உரிமட்டையைக் குவித்து வைத்திருந்தோம், வெந்நீர் அடுப்புக்காக. ஒரு நாள் சாயங்காலம் மட்டை எடுக்கக் குனிந்தேன், குக்கரிலிருந்து ஆவி வெளியேறுவது போல ஒரு சத்தம். ஒரு கணம் என்னவென்றே புரியவில்லை. பிறகு பார்த்தால் காய்ந்த மட்டையின் அதே நிறத்தில், என் கையிலிருந்து மூன்றடி தூரத்தில், கை தடிமனுக்குச் சுருண்டு கிடக்கிறது. முதுகு நெடுக சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசையில் கரும்பழுப்பு வட்டங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே புடைத்து அடங்குகிறது. பின்னால் நகர்ந்து வந்து, பக்கத்து ஊரில் வனத்துறைக்காகப் பாம்பு மீட்கிற தம்பிக்குப் போன் செய்தோம்.

அவர் வந்து கையால் தொடவேயில்லை. ஒரு பிவிசி குழாய், அதன் மறுமுனையில் இறுக்கிக் கட்டிய துணிப்பை. கொக்கியால் பாம்பின் நடு உடம்பை லேசாகத் தள்ளி, குழாயின் வாயை அதன் முகத்துக்கு நேரே வைத்துவிட்டுக் காத்திருந்தார். "பொந்துன்னு நெனச்சா தானா போயிருமுங்க்கா" என்றார். இரண்டு மூன்று தடவை சீறியது, அப்புறம் தலையை உள்ளே விட்டது, கொஞ்சம் கொஞ்சமாக மொத்த உடம்பும் போய்ச் சேர்ந்தது. பையை முடிந்துகொண்டே குவியலைக் காட்டி, "எலிக்கும் இதுதான் வீடு, அதுக்கும் இதுதான் வீடு. இத எடுங்க மொதல்ல" என்றார்.

நீங்கள் கேட்ட 'தடுப்பது எப்படி' என்பதற்கு முக்கால்வாசி பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பாம்புக்கு நம் வீட்டில் வேண்டியது இரையும் பதுங்குகிற இடமும்தான். மட்டைக் குவியலை வீட்டிலிருந்து தள்ளி, கல் அடுக்கி ஒன்றரை அடி உயரத்தில் பலகை போட்டு அதன் மேல் மாற்றினோம். தவிடும் புண்ணாக்கும் சாக்கில் இருந்தன, மூடி போட்ட டிரம்முக்குப் போயின. கோழிக்குப் போட்ட தீனி ராத்திரி சிதறிக் கிடக்காமல் பார்த்துக்கொள்கிறோம். குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் ஓட்டைக்குச் சுண்டு விரல் நுழையாத கம்பி வலை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. ஜன்னல் வரை ஏறியிருந்த மல்லிகைக் கொடியைக் கத்தரித்தாயிற்று. கொல்லைக் கழிவறைக்குப் போகிற பாதையில் புல்லே வளர விடுவதில்லை. கதவோரம் ஆணியில் டார்ச் தொங்கும். இருட்டின பிறகு அதை எடுக்காமல் யாரும் படி இறங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இவ்வளவுக்கும் பிறகு எலி குறைந்தது நன்றாகத் தெரிந்தது. பாம்பு தோப்பில் இருக்கிறது, வாசல் பக்கம் வருவது அரிதாகிவிட்டது.

பூண்டு, பெருங்காயம், பினாயில், கந்தகம், கடையில் விற்கிற பொடி இதையெல்லாம் நம்பாதீர்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். வாசம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும், இருக்கும்போதே பாம்பு அதைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சிறியா நங்கை வைத்தால் பாம்பு அண்டாது என்று வரிசையாக நட்டிருந்தோம். அதன் தூரிலேயே ஒரு நல்ல பாம்பு வெயில் காய்ந்தது. மண்ணெண்ணெயோ ஆசிடோ ஊற்றுவது கொடுமை. வலியில் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். இன்னொன்று, கீரைப் பாத்திக்கு நைலான் வலை கட்டினால் தரையைத் தொடாமல் கட்டுங்கள். எங்கள் வலையில் ஒரு சாரை சிக்கி, நகர நகர நூல் செதிலுக்குள் இறங்கி, வெயிலில் பாதி உயிராகக் கிடந்தது. அந்தத் தம்பிதான் வந்து ஒவ்வொரு நூலாகக் கத்தரித்து விடுவித்தார். அன்றைக்கே வலையைக் கழற்றிவிட்டேன்.

சரி, பாம்பு வந்தே விட்டது என்றால்? தோட்டத்தில் போய்க்கொண்டிருந்தால் போகட்டும். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்திலிருந்து கவனியுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த அறையின் உள்கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் சொல்லுங்கள், வருவார்கள். துடைப்பத்தோடு அருகே போவது, கிட்டப் போய் போட்டோ எடுப்பது, அடிக்கக் கை ஓங்குவது, இப்படிப்பட்ட நேரங்களில்தான் கடி விழுகிறது. பாம்பைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

குளியலறைச் சுவரில் ஏறுகிற, பட்டை போட்ட சின்னப் பாம்பைக் கட்டு விரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பல்லி தின்ன வந்த, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு. அதற்குப் பட்டை கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி, வாலை நோக்கி மங்கும். கட்டு விரியனுக்குத் தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, பின்னால் போகப் போகத் தெளியும், பட்டைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தும் தெரியும். ஆனால் இதை வைத்துக் கிட்டப் போய்ச் சோதிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் விரியன் என்றே வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்தவர் எரிவதைச் சுடுகாட்டு மரத்திலிருந்து பார்க்கும், அடித்தால் ஜோடி வந்து பழிவாங்கும் என்பதெல்லாம் உண்மையில்லை. சாரையும் நாகமும் பிணையும் என்பதும் அப்படித்தான். எங்கள் கிணற்று மேட்டில் இரண்டு சாரைகள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி முறுக்கிக்கொண்டு நின்றதை அரை மணி நேரம் பார்த்தோம். இரண்டும் ஆண், பலம் பார்க்கிற சண்டை அது.

கடித்துவிட்டால் 108. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், கை காலை ஒரு பலகை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள், மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, மந்திரிக்க அழைத்துப் போவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை. நான்கு பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில் இலவசம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் பாம்புக்கடிக் கணக்கை அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்த மருந்துக்கான விஷத்தைப் பல காலமாக எடுத்துக் கொடுக்கிறவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய, இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பவும் விட்டுவிடுவார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது என் மாமியார் டிவி முன்னால் கைகூப்பி நின்றார்.

கடைசியாக ஒன்று. புது வீட்டு காம்பவுண்டு ஓரத்தில் மிச்சச் செங்கலும் சென்ட்ரிங் பலகையும் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஆனால் வெறும் கையால் வேண்டாம். வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஷூ போட்டுக்கொண்டு, நீளக் கம்பியால் மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். வேலிப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள், உள்ளே ஏதாவது இருந்தால் அந்த வழியாகப் போய்விடும். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் தொடங்குமுன் திரும்பவும் கம்பியால் தட்டிப் பாருங்கள், ராத்திரியில் வேறொன்று வந்து படுத்திருக்கலாம்.