மாவுக்கட்டுக் கைக்கு மறு கையால் பயிற்சி

மன்னார்குடி நண்பரே, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. சம்பா அறுப்புக்குள் மூட்டை தூக்கும் பலம் போய்விடுமோ என்கிறீர்கள். ஜிம்மை நிறுத்த வேண்டாம், வலது கையை மட்டும் பழக்குங்கள். ஒரு கை பழகினால் மறு கைக்கும் பலம் கூடும் என்பது 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் பதிவானது. காரணம் நரம்பு மண்டலம்: கனமாகத் தூக்கும்போது மூளையின் இரு பக்கமும் வேலை செய்கிறது. லேசான டம்பெல்லை 20 தடவை ஆட்டுவதில் பெரிய பயனில்லை. 8 தடவைக்கு மேல் முடியாத எடை, 4 செட், நடுவே 2 நிமிட ஓய்வு, வாரம் 3 நாள். இறக்கும்போது 3 விநாடி. மணிக்கட்டு மடக்கல், கிரிப்பர் (கையால் அழுத்தும் ஸ்பிரிங் கருவி) போதும். ஆனால் வலதை முழுப் பலத்தோடு இறுக்கினால் இடதும் தானாக இறுகும், அதனால் எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கட்டுப் போட்ட கை கொஞ்சம் மெலியத்தான் செய்யும். கட்டுப் பிரித்த உடனே மூட்டையைத் தொடாதீர்கள்.