முதலில் அந்த மாத்திரை அட்டையை எடுங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால், வேலை செய்யும் இடத்தில் தெரிந்த ஒருவன் என் தங்கையைப் (வயது 23) பலாத்காரம் செய்துவிட்டான். என்னிடமே நாலாம் நாள்தான் சொன்னாள். கரு உண்டாகாமல் இருக்க மெடிக்கலில் ஐ-பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நெட்டில் பார்த்து ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தேன். வெள்ளைப்படுகிறது, தலைவலிக்கிறது, முடி கொட்டுகிறது. எல்லாம் எய்ட்ஸ் அறிகுறி என்று போட்டிருக்கிறது. மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. தூக்கமே இல்லை என்பதால் பத்து நாளாகத் தூக்க மாத்திரை தருகிறேன். முந்தாநாள் ராத்திரி நான் விழித்துப் பார்த்தபோது, அட்டையைக் கையில் வைத்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்டால் "சும்மாதான்" என்கிறாள். சயான் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா? எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக, உங்கள் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

முடி, தலைவலி, எய்ட்ஸ் என்று வரிசையாக எழுதிவிட்டு, மாத்திரையை எண்ணியதை நடுவில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. என்னைப் பதறவைத்ததும் அதுதான். பலாத்காரத்துக்கு ஆளான பெண் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து மாத்திரை எண்ணினால் அது "சும்மா" இல்லை. மற்ற எல்லாவற்றையும் நாளைக்குப் பார்க்கலாம். இதை இன்றைக்கே பார்க்க வேண்டும்.

அந்த அட்டை இனி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பெயரைப் பார்த்தால் அது அல்பிரசோலம். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. எந்த மெடிக்கலில் கொடுத்தார்களோ, அவர்கள் செய்தது பெரிய தப்பு. ஆனால் பத்து நாள் தொடர்ந்து போட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் சரியில்லை, உடம்பு தாங்காது. அட்டையோடு டாக்டரிடம் போங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். எலி மருந்து, ஃபினாயில், மண்ணெண்ணெய் எது இருந்தாலும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். அவளைத் தனியாக விடாதீர்கள். பொதுக் கழிப்பறைக்குப் போவதானாலும் கூட ஒருவர் போகட்டும்.

அப்புறம், அவளிடம் நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். "ஆமா" என்றால் அழவிடுங்கள், அறிவுரை சொல்லாதீர்கள். "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்ற பேச்சும், "நீ ஏன் அந்த நேரத்துல அங்க இருந்தே" என்ற கேள்வியும் வேண்டவே வேண்டாம். "உன் மேல ஒரு தப்பும் இல்ல, நான் கூட இருக்கேன்" என்று சொன்னால் போதும். நாள் கணக்காகத் துவண்டு கிடந்தவள் திடீரென்று அமைதியாகித் தன் வளையலையும் துணியையும் எடுத்துப் பிறருக்குக் கொடுத்தால், தேறிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதுதான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ராத்திரி எந்த நேரமானாலும் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசலாம். மாத்திரையை விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராகக் கேஷுவாலிட்டிக்கு ஓடுங்கள்.

இப்போது ஆஸ்பத்திரி பயத்துக்கு வருகிறேன். மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அதுதான் சட்டம். உங்களிடம் அதை மறைக்கமாட்டேன். ஆனால் புகார் கொடுப்பதா, உடல் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்வதா என்பதை உங்கள் தங்கைதான் முடிவு செய்வாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக்கொள்வார்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. புகார் கொடுக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகப் பார்த்தே ஆக வேண்டும். மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். பின்னால் ஒருநாள் புகார் கொடுக்கத் தோன்றினால் கொடுக்கலாம், எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக்கொள்ள வேண்டும். இருவிரல் சோதனை (பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்ப்பது) செய்வார்களோ என்று பயப்பட வேண்டாம். 2013-லேயே அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் செய்பவர்கள் முறைகேடு செய்த குற்றத்துக்கு ஆளாவார்கள் என்று 2022-ல் திரும்பவும் சொன்னது. யாராவது கையைக் கொண்டுவந்தால் "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு.

சயானில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் பாந்த்ரா பாபா மருத்துவமனைக்குப் போங்கள், தூரம் ஒன்றும் இல்லை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் திலாசா மையம் 2000-ல் முதலில் தொடங்கியது அங்கேதான். இப்போது மும்பையில் வேறு பல மாநகராட்சி மருத்துவமனைகளிலும் இருக்கிறது. கேஸ் பேப்பர் போடும் கவுண்டரில், வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி எதையும் சொல்ல வேண்டியதில்லை. "லேடீஸ் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். உள்ளே போனதும், கதவைச் சாத்தியபிறகு டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவரையும் அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கேஸ் பேப்பரைத் தொலைத்துவிடாதீர்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போனதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐ-பில் போட்டால் ஒரு வாரம் முன்பின் ஆவது உண்டு, சரி. ஆனால் அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாலாம் நாள் என்றால் பலன் குறைவு. நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் முடிவை நம்பலாம். கர்ப்பம் என்று வந்தால் மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்காதீர்கள். ஏற்கெனவே மூன்று மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், போதும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு சட்டப்படி கலைக்கலாம். பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு, இரண்டு டாக்டர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை இடம் உண்டு. 18 வயது தாண்டியவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

முடி கொட்டுவதையும் தலைவலியையும் வைத்து எய்ட்ஸ் என்று சொல்லிவிட முடியாது. தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால் யாருக்கும் தலை வலிக்கும். எய்ட்ஸ் அறிகுறி என்று இணையத்தில் போட்டிருக்கும் பட்டியலை வைத்துப் பார்த்தால் இந்த ஊரில் யாருமே தப்ப முடியாது. எச்.ஐ.வி. உள்ளவரோடு ஒரு முறை நடந்த யோனிவழி உறவில்கூடத் தொற்றும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு. காயம் இருந்தால் கொஞ்சம் கூடும். எப்படியும் ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும். இப்போது ஒரு முறை, ஆறாவது வாரம், மூன்றாவது மாதம். ஆறு மாதத்தில் இன்னொரு முறை வரச் சொன்னால் அதற்கும் போங்கள். மாநகராட்சி மருத்துவமனையில் இலவசம். சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி சோதனைகளும் அதே ரத்தத்தில் முடிந்துவிடும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதுகூடத் தொடங்கலாம். வெள்ளைப்படுதலோடு காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டாக்டர் பார்த்துச் சரியான மருந்து தரட்டும். நெட்டைப் பார்த்து அரைகுறையாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக், நோயை மறைக்கத்தான் உதவும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இன்றோ நேற்றோ இப்படி நடந்திருந்தால், கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பிறகு 28 நாள் விடாமல் போட வேண்டும். உடம்பிலிருந்து தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை நேரம் உண்டு. குளித்துவிட்டீர்களா, துணி துவைத்துவிட்டீர்களா, பரவாயில்லை, போங்கள். துவைக்காத துணி இருந்தால் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போங்கள்.