நிற்க

கேள்வி: அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பாலைவனத்தின் நடுவே எவ்வளவு அகலமான சாலைகள்! குடியிருப்புப் பக்கம் வீதியில் ஓர் ஆளைக் காண முடியாது. ஊருக்கு வந்த மறுநாள் ஒப்பணக்கார வீதிக்குப் போனால் நிற்கக்கூட இடமில்லை. நம் கோயமுத்தூர் எப்போது அப்படி ஆகும்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சூலூர்)

பதில்: தங்கள் கேள்வியைப் படித்துக்கொண்டே வந்த நான், 'நிற்க' என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டேன். அஞ்சலட்டைக் காலத்துப் பெரியவர்கள், 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, 'நிற்க' என்று ஒரு சொல்லைப் போட்டு, அதன் பிறகே எழுத வந்த காரியத்துக்கு வருவார்கள். அந்தக் காரியம் பெரும்பாலும் கைமாற்றாகத்தான் இருக்கும் என்பது வேறு. எனக்கு அந்தச் சொல்மேல் தனிப் பிரியம் உண்டு. எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கோ அது வழக்கொழிந்த சொல். வாசகர் கடிதத்தில் கண்டால் அவர் சிவப்பு மையால் அடிப்பார், நான் பச்சை மையால் திரும்பச் சேர்ப்பேன், அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்தவர் எவரோ அவர் அந்த இதழில் வென்றிருப்பார்.

நிற்க.

தாங்கள் தங்கியிருந்த ஊரில் நிற்பதே குற்றமாகும் இடங்கள் உண்டு என்பதை மகள் சொன்னாரா? சூதாட்ட விடுதிகள் இருபுறமும் அணிவகுத்திருக்கும் 'ஸ்ட்ரிப்' என்னும் சாலையைத் தாங்கள் பார்க்காமல் வந்திருக்க மாட்டீர்கள். அங்கே கீழே ஓடும் கார்களுக்கு இடைஞ்சல் வராதபடி மனிதர்கள் ஏறிக் கடப்பதற்காக நடைமேம்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலங்களின்மேல் நடப்பவர் எவரும் நிற்கக் கூடாது, பிறரை நிற்க வைக்கும் எண்ணத்தோடு எதையும் செய்யவும் கூடாது என்று 2024 ஜனவரியில் கிளார்க் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் சட்டம் போட்டது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் டாலர் வரை அபராதம். லிஃப்டுக்கும் எஸ்கலேட்டருக்கும் காத்து நிற்பவருக்கு விலக்கு உண்டு. பொது ஒழுங்கும் பாதுகாப்பும் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். குடிமக்களின் உரிமைகளுக்காக வாதாடும் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து வழக்கும் தொடுத்தது. இன்னொரு வேடிக்கை, அந்தச் சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் மாநகர எல்லைக்குள் இல்லை. 'பாரடைஸ்' என்று பெயர் சூட்டப்பட்ட தனிப் பகுதியில் இருக்கிறது. சொர்க்கத்துக்குப் போகலாம், போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் சிறை.

இந்தச் சட்டத்தை நம் ராஜ வீதியில் ஒரே ஒரு நாள் அமலாக்கிப் பார்க்க எனக்கு ஆசை. காலை பத்து மணிக்குத் துணிப்பையோடு வரும் பெரியவர் ஒருவர், எதிரே வரும் சொந்தக்காரரைப் பார்த்து, "ஏனுங் மாப்ள, எப்பங்க வந்தீங்க?" என்று நிற்பார். முதல் குற்றம். மாப்பிள்ளையும் நின்றுவிடுவதால் பிறரை நிற்க வைத்த குற்றம் இரண்டாவது. பிடிக்க வரும் இளங்காவலரைப் பெரியவர் ஏற இறங்கப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்பார். சென்னிமலைப் பக்கம் என்று காவலர் சொன்ன மாத்திரத்தில், "அங்க யாரு வீடு?" என்று விசாரணை தொடங்கும். நம் பகுதியில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் யாரும் அடுத்தவரை விட்டதில்லை. இருபது நிமிடத்தில் காவலருடைய அம்மாயி பிறந்த வீட்டுக்கும் பெரியவரின் சம்பந்தி வீட்டுக்கும் உறவு கண்டுபிடிக்கப்பட்டு, கார்த்திகையில் நடக்கும் கல்யாணத்துக்கு அவர் அழைக்கப்பட்டு, மூவரும் வீதியோரத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். மாலைக்குள் கோவை மத்தியச் சிறையில் இடம் போதாமல் போய்விடும். அதன் மதில் ஓரத்தில் வரிசையாக நிற்கும் மீதிப் பேரை அதற்காக மறுபடியும் கைது செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்னதால் அந்த ஊரின்மேல் எனக்குப் பகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு அங்குலமே மழை பெய்யும் இடத்தில், 1905 மே மாதம் இரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டு உண்டாக்கிய ஊர் அது. லாஸ் வேகஸ் என்ற ஸ்பானியப் பெயருக்குப் புல்வெளிகள் என்று பொருள். 2024 ஜூலை 7 அன்று வெயில் 48.9 டிகிரி செல்சியசைத் தொட்டது. அந்த வெயிலில் ஆளை வீதிக்கு இழுக்க நிழல் வேண்டும், நடந்து போகிற தூரத்தில் கடை வேண்டும். அவர்களோ மைலுக்கு ஒன்றாகப் பெருஞ்சாலைகளைக் கட்டம் கட்டிப் போட்டு, கட்டங்களுக்குள் வீடுகளை மதில் எழுப்பி அடைத்து, மதிலுக்கு ஒன்றிரண்டு வாசல் மட்டும் வைத்தார்கள். புழக்கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடை இருந்தாலும் காரை எடுத்து ஊரைச் சுற்றித்தான் அதை அடைய வேண்டும். தங்கள் மகள் வீட்டருகே ஆளைக் காணாததற்குக் காரணம் ஊரில் ஆளில்லாதது அன்று. 2020 கணக்கெடுப்பில் அந்தக் கவுன்டியில் 22 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். எல்லாரும் காருக்குள் இருக்கிறார்கள்.

காரிலிருந்து இறங்கி மனிதரோடு மனிதராக நடக்க அங்கே உள்ள பெரிய இடம் நான்கு மைல் நீளமுள்ள அந்த ஒற்றைச் சாலைதான். ஆண்டுக்கு நான்கு கோடிப் பேர் வரை ஊர் பார்க்க வருகிறார்கள். பல வீதிகளுக்குப் பங்கிட்டிருக்க வேண்டிய கூட்டத்தை ஒரே வீதியில் கொட்டிவிட்டு, கூட்டம் நிற்கிறதே என்று சட்டம் போடுகிறார்கள். அந்த நடைபாதையும் முழுக்கப் பொதுச் சொத்து அன்று. 1999-இல் தொழிற்சங்கத்தார் ஒரு புது விடுதியின் முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தபோது, இது எங்கள் நிலம் என்று விடுதிக்காரர் நீதிமன்றம் போனார். நிலம் தனியாருடையதே ஆனாலும் மக்கள் நடக்கும் பொதுப் பாதை அது என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லித்தான் வழக்கு தீர்ந்தது. ஊரின் பழைய கடைவீதியான ஃப்ரீமான்ட் வீதிக்கு மறுபடியும் ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று அதே ஊர்க்காரர்கள் நினைத்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? 1994-இல் அந்த வீதியில் கார் வருவதை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு மேலே பந்தல்போலக் கூரை போட்டார்கள். காரை வெளியேற்றி நிழலைக் கொடுத்ததும் கூட்டம் வந்தது.

இனி ஒப்பணக்கார வீதி. தாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது யார் என்று பார்த்தீர்களா? போன தீபாவளிக்கு முந்திய ஞாயிறு நான் பார்த்தேன். நடைபாதையில் பாதியும் வீதியில் பாதியுமாக ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது; எஞ்சின் ஓட, ஏசி ஓட, உள்ளே ஓட்டுநர் மட்டும் இருக்கையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையும் நான்கு பைகளுமாக வந்த அம்மணி ஒருவர் அந்தக் காரைச் சுற்றுவதற்காக வீதிக்குள் இறங்கினார்; பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் அவரைப் பார்த்து ஒலியெழுப்பினார். ஒரு கார் அடைத்த இடத்தில் பதினைந்து பேர் தாராளமாக நிற்கலாம். நெரிசலுக்குப் பழியை மட்டும் அந்த அம்மணிதான் சுமக்கிறார்.

இந்த இடத்தில் பொள்ளாச்சி வாசகர் ஒருவர், ஆசிரியர் மறுபடியும் மேம்பாலத்தைத் திட்டப் போகிறார் என்று அஞ்சலட்டையை எடுத்திருப்பார். ஐயா, நான் அவினாசி சாலை மேம்பாலம் கூடாது என்று எழுதியதே இல்லை. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை மேலே போகிறவருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தவர்கள், கீழே குறுக்கே போகிறவருக்குப் பத்து விநாடி கொடுக்கட்டும் என்றுதான் எழுதினேன். 2025 அக்டோபரில் பாலம் திறந்தாயிற்று. அந்தப் பத்து விநாடியைத்தான் இன்னும் தேடுகிறேன். நகரின் பல சந்திப்புகளில் சிக்னலை அகற்றிவிட்டு யு டர்ன் வைத்தபோது, இனி வண்டிகள் நிற்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தார்கள். உண்மைதான், வண்டிகள் நிற்பதில்லை. கடக்க வேண்டிய மனிதன்தான் கையை நீட்டியபடி அங்கே நிற்கிறான்.

ஆனாலும் நாம் நிற்கப் பிறந்தவர்கள். நம் பகுதியில் பேக்கரி என்பது நிற்பதற்காகவே ஏற்பட்ட இடம். வாசலில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஈர வளையங்கள். கண்ணாடிக் கிளாசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் செய்தித்தாள் துண்டில் வைத்த தேங்காய் பன்னோடு, பஞ்சு விலை முதல் பக்கத்து வீட்டு வரன் வரை பேசி முடிக்க ஒரு டீ போதும். டீ தீர்ந்து அரை மணி ஆன பிறகும் யாரும் நகரச் சொல்வதில்லை. மாசியில் கோனியம்மன் தேர் வரும் நாளில் ராஜ வீதியும் ஒப்பணக்கார வீதியும் முழுவதுமாக நிற்பவர்களுக்கே சொந்தம். அன்று எந்த வண்டிக்காரரும் ஒலியெழுப்புவதில்லை. தேரும் வீதிகளைச் சுற்றிவந்து தேர்முட்டியில் 'நிலை' சேர்கிறது. அந்தச் சொல்லும் 'நில்' என்பதிலிருந்து பிறந்ததுதான் என்று மெய்ப்புத் திருத்துநருக்கு இதன் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோயமுத்தூர் எப்போது அப்படி ஆகும் என்று கேட்டீர்கள். ஊரைச் சுற்றி வில்லாக்கள் முளைத்த பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்: ஆள் உயர மதில், ஒரே வாசல், பெயர் எழுதி வாங்கும் காவலாளி, பால் பாக்கெட் வாங்குவதற்கும் கார். வீதியில் ஓர் ஆளைக் காண முடியாது. தாங்கள் ஆசைப்பட்டது தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

அந்த மூன்று மாதத்தில், முன்பின் தெரியாத எத்தனை பேரோடு வீதியில் நின்று பேசினீர்கள் என்று தாங்கள் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன். நடுவில் 'நிற்க' வந்தால் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.