மாருதி ஜிப்ஸியில ஃபோர்வீல் லிவர் இறுகுறது கம்ப்ளெயின்ட் இல்ல ப்ரோ

ஃபோர்வீல் போட்டா, அதாவது நாலு வீலும் இழுக்குற மாதிரி வச்சா, எஸ்டேட் மண் ரோட்டுல நல்லா ஓடுது, தார் ரோட்டுக்கு வந்து திருப்புனா ஸ்டியரிங் இறுகுது லிவரும் ரெண்டு வீல் மட்டும் இழுக்குற டூவீலுக்கு வர மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தீங்க, கியர்பாக்ஸ இறக்கிடாதீங்க ப்ரோ, ஜிப்ஸில சென்டர் டிஃபரன்ஷியல், அதாவது முன்வீலும் பின்வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் செட், கிடையாது, வளைவுல முன்வீல் அதிக தூரம் ஓடணும் ஆனா ஃபோர்வீல்ல முன்பின் ரெண்டு ஆக்சிலும் ஒரே வேகத்துல பூட்டியிருக்கும், காஞ்ச ரோட்டுல வீல் வழுக்காததால முறுக்கு உள்ளயே ஏறிடும். நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துட்டு லிவர தள்ளுங்க, வந்துடும். சேறு, மணல், ஈரப்புல்லுல மட்டும் ஃபோர்வீல் போடுங்க. நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமான்னும் பாருங்க, என் வண்டில அதான் வில்லன்.

பன்னி வேட்டைக்கு லைட் மாட்டுறதா சொன்னீங்களே, அது வேணாம், 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு, வண்டியும் போயிடும்.