டிஸ்னி பெயருக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

உங்கள் மைத்துனர் கலிபோர்னியாவிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்டேன். "பாப்பா நல்லா வரையறா, இங்க அனுப்பி வைங்க மச்சான், டிஸ்னில வேலை கிடைச்சா நம்ம குடும்பத்துக்கே பேரு" என்கிறார். அதற்கு அனிமேஷன் பட்டப்படிப்பு, நாலு வருஷம், அமெரிக்காவில். நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி: கோவை துடியலூர் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கலாமா?

உங்கள் மகள் பாப்பாவுக்குத் திறமை இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். என்னிடமிருந்து ஆறுதல் அவ்வளவுதான். பத்திரத்தை வைக்காதீர்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. டிஸ்னி 1923இல் தொடங்கிய கம்பெனி. நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. ஆனால் கம்பெனி நிற்பது வேறு, அதற்குள் வேலை செய்கிறவர் நிற்பது வேறு. மேலே யார் நாற்காலியில் உட்காருவது என்ற சண்டை அங்கே பரம்பரை நோய். 1994இல் கம்பெனியின் இரண்டாம் இடத்துத் தலைவர் ஃபிராங்க் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அந்த இடம் தனக்கு வரும் என்று காத்திருந்த ஸ்டூடியோ பிரிவுத் தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்குக்கு, கம்பெனியின் முதல் நாற்காலியில் இருந்த மைக்கேல் ஐஸ்னர் அதைத் தரவில்லை. காட்ஸன்பெர்க் வெளியேறி டிரீம்வொர்க்ஸ் என்ற போட்டி ஸ்டூடியோவைத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஐஸ்னர் தன் நண்பர் மைக்கேல் ஓவிட்ஸை அழைத்து வந்து அதே நாற்காலியில் உட்காரவைத்தார். ஓவிட்ஸ் சுமார் 14 மாதத்தில் வெளியேற்றப்பட்டார். கையில் கிடைத்தது ஏறக்குறைய 14 கோடி டாலர். 2003 நவம்பரில் வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னியே ராஜினாமா செய்து, ஐஸ்னருக்கு எதிராகப் பிரசாரம் கிளப்பினார். 2004 மார்ச்சில் பிலடெல்பியாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டு ஐஸ்னருக்குப் போடாமல் நிறுத்தப்பட்டது.

பெரிய மனிதர்கள் சண்டை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். அதே காலத்தில்தான் பாரிஸ், டோக்கியோ, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ என்று கையால் வரையும் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சண்டையே மூடச் சொன்னது என்று சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டர் அனிமேஷன் வந்ததும் காரணம். ஆனால் பென்சிலை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஒன்று மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலை வந்தது. 2006இல் டிஸ்னி 740 கோடி டாலருக்கு, கம்ப்யூட்டர் அனிமேஷன் கம்பெனியான பிக்ஸாரை வாங்கியது. அனிமேஷனைக் காப்பாற்ற வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியிருந்தது.

இது பழைய கதை என்றால் இப்போதைய கதைக்கு வாருங்கள். 2020 பிப்ரவரியில் பாப் ஐகர் தலைமைப் பதவியை பாப் சாப்பெக்கிடம் கொடுத்தார். ஆனால் 2021 கடைசிவரை செயல் தலைவராகவே இருந்தார். பங்காளிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உத்தரவு போடும் இரும்பு வார்க்கும் பவுண்டரி எப்படி ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பெக் வந்த வருஷமே, எந்தப் படத்துக்கு எவ்வளவு செலவு, எங்கே வெளியீடு என்ற அதிகாரத்தைப் படம் எடுப்பவர்களிடமிருந்து பிடுங்கித் தனிப் பிரிவிடம் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர்கள் மனம் அங்கேயே விட்டுப்போனது. 2022 ஜூனில் நிர்வாகக் குழு சாப்பெக்குக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் நீட்டித்தது. நவம்பரில் அவரை நீக்கி ஐகரையே திரும்பக் கூப்பிட்டது. ஐகர் வந்த மறுநாளே அந்தத் தனிப் பிரிவைக் கலைக்க ஆரம்பித்தார். 2023 பிப்ரவரியில் 7,000 பேர் வேலைக்குறைப்பு அறிவிப்பு. 2024 மே மாதம் பிக்ஸாரிலும் கிட்டத்தட்ட 14 சதவீதம் ஆட்களை அனுப்பினார்கள்.

இதற்கு நடுவே நடந்த ஒன்றைத்தான் நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். 2021 ஜூலையில், கலிபோர்னியாவில் இருக்கும் ஏறக்குறைய 2,000 பேரை ஃபுளோரிடாவில் லேக் நோனா என்ற இடத்துக்கு மாற்றப்போகிறோம் என்று டிஸ்னி அறிவித்தது. வேலை போய்விடுமே என்று சிலர் கலிபோர்னியா வீட்டை விற்றார்கள். பிள்ளைகளைப் பள்ளி மாற்றி, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார்கள். 2023 மே மாதம் அந்தத் திட்டமே ரத்து. தலைமை மாறிவிட்டது, ஃபுளோரிடா ஆளுநரோடு தகராறு வேறு. வீட்டை விற்றவர்களில் இரண்டு பேர் பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். மேலே கையெழுத்துப் போட்டவர்களுக்கு இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு அறிவிப்பு. கீழே இருந்தவர்களுக்குப் போனது ஒரு வீடு.

அந்த நாட்டுக் குடிமக்களுக்காவது விசாக் கவலை இல்லை. வேலை போனால் அடுத்த வேலை வரும்வரை ஊரில் இருக்கலாம். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் இன்னொரு கம்பெனியோ, வேறு விசாவோ, இல்லையென்றால் விமானமோ. படிப்பு முடித்ததும் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி அனுமதி பொதுவாக 12 மாதம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். அனிமேஷன் என்று ஒரே பெயரில் நடக்கும் படிப்புகளில் சில அந்தப் பட்டியலில் வரும், நுண்கலைக் கணக்கில் போகும் சில வராது. அந்தப் படிப்பின் சிஐபி எண், அதாவது அமெரிக்காவில் படிப்புகளை வகைப்படுத்தும் எண், என்ன என்று மைத்துனரைக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், அவர் கல்லூரியின் போட்டோவை மட்டும் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

பணக் கணக்கு. அவர் சொல்லும் ரகக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல். நாலு வருஷத்துக்கு 2 லட்சம் டாலர். டாலர் 85 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 1 கோடியே 70 லட்சம். சாப்பாடு, வாடகை, இன்சூரன்ஸ் தனி. அதில் 1 கோடி மட்டும் கடன், வட்டி 10.5 சதவீதம், 15 வருஷம் என்று போட்டால் மாதத் தவணை 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை நான் இன்னும் சேர்க்கவில்லை. உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் வளைந்துகொடுக்கத் தயாராக இல்லை, சார். ஒரே வீட்டை ஒரே ஒரு பிள்ளையின் 17 வயதுக் கனவின் மேல் வைத்தால், பாரம் ஏறுவது அந்தப் பிள்ளையின் தலையில்தான். பிடிக்கவில்லை என்று பாதியில் சொல்லும் உரிமைகூட அவளுக்கு இருக்காது.

இன்னொன்று, உங்கள் வீட்டில் யாரும் கவனிக்காதது. அவள் வரைகிறாள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். என்னிடம் அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டியது ஓவியத்தை அல்ல, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த ஒரு வெள்ளாட்டை. ஆடு சுமார்தான், முகம் சரியாக வரவில்லை. ஆனால் பின்னங்காலை மடக்கிக் காட்டினாள்: மடியும் இடத்தில் தோல் உள்ளே போய் நசுங்காமல் இருக்க, எந்த எலும்பு எவ்வளவு தோலை இழுக்க வேண்டும் என்று புள்ளி புள்ளியாக மாற்றி வைத்திருக்கிறாள். இடது பக்க எலும்புப் பெயர்களில் '.எல்' என்று முடிவதை வலப்பக்கத்துக்கு '.ஆர்' என்று தானாக மாற்ற ஒரு சின்ன பைத்தான் நிரலும் எழுதியிருக்கிறாள், பள்ளிக்கூட கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தைப் பார்த்தே. "மூஞ்சி வரைய எனக்குப் பொறுமை இல்லீங்க சார், கால் மடங்கறது சரியா வரணும்" என்றாள்.

அந்த வேலைக்கு ரிக்கிங் என்று பெயர். உருவம் செய்து முடித்ததும் அது சிலைதான். அதற்குள் எலும்பு வைத்து, அனிமேட்டர் பிடித்து அசைக்கப் பிடிகள் வைத்து, தோள் தூக்கும்போது அக்குள் கிழியாமல் பார்த்துக்கொள்கிறவர் ரிக்கர். அதற்கு அடுத்த அறையில் இருப்பவர் பைப்லைன் டிடி (டெக்னிக்கல் டைரக்டர்): ஒரு துறையின் கோப்பு அடுத்த துறைக்கு உடையாமல் போக நிரல் எழுதுகிறவர். படம் பார்க்கிறவர்களுக்கு இவர்கள் பெயர் தெரியாது. விளம்பரப் பலகை வைத்து ஆள் சேர்க்கும் அனிமேஷன் இன்ஸ்டிடியூட்களும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் இதில் கணக்கு இருக்கிறது. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் அணிகள், கலப்பு எண்கள், வெக்டர் பாடங்களுக்கு நேரடி வேலை இங்கேதான். கை எலும்பு மூன்று அச்சில் திரும்பும்போது ஏன் சில கோணங்களில் பூட்டிக்கொள்கிறது என்று அவளைக் கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவாள்.

நான் சொல்லும் வழி இதுதான். கோவையிலேயே பி.எஸ்சி. கணிதம் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ். அரசுக் கலைக் கல்லூரி கிடைத்தால் அது. இல்லையென்றால் உதவிபெறும் கல்லூரியின் எய்டட் பிரிவு. ஒரே கல்லூரியில் எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ் இரண்டும் நடக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். மாலை நேரம் அவளுடைய ஸ்டூடியோ.

அந்த ஸ்டூடியோவுக்குச் சாமான் இலவசம். பிளெண்டர் கதையே நம் விஷயத்துக்குப் பொருத்தம்: 2002இல் முதலீட்டாளர்கள் அந்தக் கம்பெனியை மூடினார்கள். அதை உருவாக்கிய டோன் ரூசண்டால் ஏழு வாரத்தில் பயனாளர்களிடம் 1 லட்சம் யூரோ திரட்டி, நிரலை மீட்டு, எல்லோருக்கும் பொதுவாக்கினார். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் அதில் செய்ததுதான். பெரிய ஸ்டூடியோக்களும் தங்கள் கருவிகளைப் பொதுவில் வைத்திருக்கின்றன. காட்சிகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் யுஎஸ்டியை பிக்ஸார் 2016இல் திறந்துவிட்டது, புகை, மேகத்துக்கான ஓபன்விடிபி டிரீம்வொர்க்ஸிலிருந்து வந்தது, படக் கோப்பு வகையான ஓபன்இஎக்ஸ்ஆர் ஐஎல்எம் என்ற எஃபெக்ட்ஸ் கம்பெனியுடையது. ஐஸ்னரும் காட்ஸன்பெர்கும் முகம் பார்க்காமல் போன கம்பெனிகள் இன்று ஒரே கருவிப்பெட்டியை வைத்து வேலை செய்கின்றன. அது கையில் பழகியவளுக்கு எந்தக் கம்பெனியில் யார் தலைவர் என்பது செய்தித்தாள் விஷயம்.

முதல் வருஷம் பெரிதாக எதுவும் வேண்டாம். பிளெண்டரில் யாராவது பிழை என்று புகார் போட்டிருப்பார்கள். அதைத் தன் கணினியில் திரும்ப வரவழைத்துப் பார்த்து, 'ஆமாம், எனக்கும் வருகிறது' என்று படிப்படியாக எழுதுவதே ஒரு பங்களிப்பு. அதில் ஆங்கிலமும் சேர்ந்து வரும். பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள். 18 வயது ஆனதும், இப்படிப் பொது மென்பொருளுக்கு நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் உதவித்தொகை உண்டு. ஸ்டூடியோக்களில் ஆட்டோடெஸ்க் மாயா என்ற மென்பொருள் அதிகம் ஓடுகிறது. மாணவர்களுக்கு அது இலவசம், மாணவர் என்று நிரூபிக்க வேண்டும். கடைசி வருஷம் வேலை கேட்கும்போது காட்ட, இரண்டு நிமிடத்துக்கு மிகாத வீடியோ தொகுப்பு (ரீல்) ஒன்று: முழங்கால், தோள், முகத்தின் பிடிகள், அவற்றை இயக்கிக் காட்டும் திரைப்பதிவு. குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டாம், ரிக்கர் வேலைக்கு யாரும் கதை கேட்கப்போவதில்லை.

இந்தத் துறையில் எல்லாம் இனிப்பு என்று சொல்லவில்லை. சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை ஸ்டூடியோக்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு, டெலிவரி வாரத்தில் இரவுகள் உண்டு, முதல் வேலை ரோட்டோவாகக்கூட (உருவத்தின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கோடிட்டுப் பிரிக்கும் வேலை) இருக்கலாம். 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்யும் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு, மும்பையில் இருந்த நம் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் பாப்பா கையில் பி.எஸ்சி. பட்டமும், உலகம் பார்க்கும்படி அவள் பெயரில் எழுதிய நிரலும் இருக்கும், தலைமேல் கடன் இருக்காது. எம்.சி.ஏ., கேம் கம்பெனி, ஐ.டி., எதுவானாலும் கதவு திறந்துதான் இருக்கும். மேல்படிப்புக்கு வெளிநாடு போக அவளுக்கே தோன்றினால், அப்போது கல்லூரி உதவித்தொகையோடு போகட்டும். 22 வயதில் கையில் வேலை காட்டிக் கேட்பவளுக்கு அது நடக்கக்கூடிய காரியம்.

மைத்துனரிடம் நீங்கள் பேசச் சங்கடமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். அட்வான்ஸ் கட்டச் சொல்லி ஏஜென்ட் யாராவது போன் செய்தால் எடுக்க வேண்டாம். ரிசல்ட் வந்ததும் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று கேட்கும் இடத்தைப் பாப்பாவே நிரப்பட்டும். கணிதமா கம்ப்யூட்டர் சயின்ஸா என்று என்னிடம் கேட்டாள், நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.