பதிவேட்டில் தூக்கத்துக்குக் கட்டம் இல்லை

போன இதழில் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் தூக்கமின்மை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் மூன்று இங்கே. முதல் கடிதம் எழுதியவர் பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அடையாளம் காட்டக்கூடிய வேறு சிலதையும் நானே மாற்றிவிட்டேன்.

*கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. வீட்டுக்காரர் விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மண்டபத்தில் பரிமாறும் வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஆனால் தொழில்தான் செய்கிறேன். இரண்டு போன், இரண்டு பெயர். குவார்ட்டர் போடாமல் போக முடிவதில்லை. காலையில் கை நடுங்குகிறது. மருந்துக்கடையில் தெரிந்த பையன் தூக்க மாத்திரை தருகிறான், அப்படியும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். ஜீப் சத்தம் கேட்டால் வயிறு கலக்குகிறது. கஸ்டமரோடு இருக்கும்போது நான் அங்கேயே இல்லாத மாதிரி சுவரில் இருக்கிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொண்ணு பத்தாவது படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் செத்துவிடுவேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?*

பைத்தியம் இல்லை. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அதற்கு முந்தின வரி. ‘செத்துவிடுவேன்’ என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னதா, இல்லை எப்படி என்றுகூட யோசித்து வைத்திருக்கிறீர்களா? நேரில் வந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். யோசித்து வைத்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் மனநல உதவி எண். நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எந்த போனிலிருந்து, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பேசுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து மாத்திரையும் சரக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு. மூன்று மணிக்கு விழிப்பது மாத்திரைக்குப் பலம் போதாததால் என்று நினைத்து இன்னொன்று போட்டுவிடாதீர்கள். சரக்கு தூங்க வைக்கிற மாதிரி வைத்து, அதன் வேகம் இறங்கும்போது எழுப்பிவிடும். அதற்காக இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்றும் கிளம்பாதீர்கள். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய விஷயம் இது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். சீக்கிரம் போய்விடுங்கள், வரிசை நீளும். ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் என்ன தொழில் என்று யாராவது கேட்டால் ‘கூலி வேலை’ என்று சொன்னாலே போதும். ஆனால் உள்ளே டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்பதை மட்டும் குறைக்காமல் சொல்லுங்கள். காலி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நீங்கள் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஒருவர் ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துவராத வாழ்க்கை வாழ்கிறார் என்பதற்காக அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

அந்தப் பல்லி. தாங்க முடியாத இடத்தில் உடம்பை விட்டுவிட்டு மனசு கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறது. உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. மின்விசிறியின் இறக்கையை எண்ணியவர்கள், காலண்டர் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் என்று நிறையப் பேரைக் கேட்டிருக்கிறேன். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படி இருக்கிறதா? பொண்ணு மார்க் அட்டையை நீட்டும்போதும் எதுவுமே தோன்றாமல் மரத்துப்போய் இருக்கிறீர்களா? ஆமாம் என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு.

ஜீப் சத்தத்துக்கு மருந்து என் கையில் இல்லை. ஆனால் ஒரு விவரம் இருக்கிறது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நீதிமன்றமே அமைத்த குழுவின் பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. வயது வந்த பெண் தன் விருப்பப்படி இந்தத் தொழில் செய்வது குற்றமல்ல, பாலியல் தொழில் விடுதி நடத்துவதுதான் குற்றம். ரெய்டில் அந்தப் பெண்ணைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. தாய் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. இவை இரண்டையும் நீதிமன்றம் அன்று கட்டாயமாக்கவில்லை, மத்திய அரசின் பதிலைக் கேட்டது. கஸ்டமர் அடித்துக் காயப்படுத்தினாலும் பலாத்காரம் செய்தாலும் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கிற சிகிச்சையும் சட்ட உதவியும் உங்களுக்கும் உண்டு. பொது இடத்தில் ஆள் அழைப்பது மட்டும் இன்னமும் சட்டப்படி குற்றமாகவே இருக்கிறது, ஸ்டேஷனில் பெரும்பாலும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஏதாவது வந்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. இதெல்லாம் எல்லா ஸ்டேஷனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பொண்ணு. பரீட்சை வருடம், இப்போதே சொல்லியாக வேண்டும் என்றில்லை. ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று உறுதியாக இருக்காதீர்கள். நான் வேலை பார்த்த மையத்துக்கு அம்மாவோடு வந்த ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: “வந்ததும் குளிச்சிட்டுத்தான் என்னைத் தொடுவாங்க. அதுலயே தெரியும் மேடம்.” இரண்டு வருடமாகத் தெரியுமாம். அம்மா சங்கடப்படுவார் என்று இவள் சொல்லவில்லை, மகள் வெறுத்துவிடுவாள் என்று அவர் சொல்லவில்லை. உங்களை இவ்வளவு களைத்துப்போக வைப்பதில் பாதி இந்த ஒளித்து வைப்பதுதான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் தெரிந்த ஒரே ஒரு ஆளாவது உங்களுக்கு வேண்டும். தொழிலில் இருக்கும் ஒரு தோழியாக இருந்தால் ரொம்பச் சரி. உங்கள் மாவட்டத்தில் அப்படிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு இருக்கிறதா என்று அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம்) கேட்டுப் பாருங்கள்.

*கேள்வி: கஷ்டப்படாமல் சம்பாதிக்கிறவர்களுக்கு என்ன மன உளைச்சல்? ஆளுக்கொரு தையல் மிஷின் கொடுத்தால் திருந்திவிட மாட்டார்களா? (வாசகர், கோவை)*

ஐயா, அந்தத் தையல் மிஷின்களில் சிலதை நான் பார்த்திருக்கிறேன். கட்டில் ஓரத்தில், மேலே துவைத்த துணி குவிந்து கிடக்கும். தைக்கத் தெரிந்தாலும் அந்த வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள்.

கஷ்டப்படாத காசு என்கிறீர்கள். ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் 1956-இல் வந்தது. 18 வயது தாண்டிய ஒருவர் தெரிந்தே அந்தக் காசில் வாழ்ந்தால் குற்றம் என்கிறது அதன் நான்காவது பிரிவு. கல்லூரியில் படிக்கும் மகன் மீதும், கூட இருக்கும் வயதான அம்மா மீதும் அது பாயலாம். சம்பாதிக்கிற காசில் வீட்டுக்கு அரிசி வாங்கவே பயப்பட வேண்டும் என்றால் உளைச்சல் வராதா? மிஷினைவிட உருப்படியாக எனக்குத் தெரிந்த ஒன்று கொல்கத்தாவில் இந்தத் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதியில் நடந்தது. 1995-இல் அந்தப் பெண்களே உஷா என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். சேமிக்கலாம், கடன் வாங்கலாம். வட்டிக்காரனிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

*கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். இந்தப் பெண்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள், மனம் விட்டுப் பேசுவதில்லை. எப்படிப் பேச வைப்பது? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)*

பேச வைக்க வேண்டாம், நாம் என்ன கேட்கிறோம் என்று பார்த்தால் போதும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா பலரின் ரத்தம் சேகரித்தார். அதில் ஆறு பெண்களுக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்தது அதுதான். அந்த ஆறு பேரும் பாலியல் தொழிலில் இருந்தவர்கள். பெரிய வேலை அது, எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெண்களை நாம் ரத்தமாகவே பார்த்துவிட்டோம். நான் 14 வருடம் பதிவேடு நிரப்பியவள். ஆணுறை எத்தனை கொடுத்தோம், அடுத்த பரிசோதனை எப்போது, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தூங்கினாயா என்பதற்கு இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வருகிற எல்லாரிடமும் முதல் கேள்வியாக “ஏம்மா இந்தத் தொழிலுக்கு வந்தே?” என்று கேட்பேன். அக்கறை என்று நினைத்துக்கொண்டுதான். ஒருநாள் ஒரு பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர், எழுந்துவிட்டார். “நான் தூக்கம் வரலைன்னு சொல்ல வந்தேன் மேடம்” என்றார். கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வந்தார். பதிவேட்டைத் திறக்காமல், “இப்ப தூக்கம் வருதாம்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார்.