சரக்குச் சொற்களும் குறுக்கெழுத்தும்: திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உவர்மலை): ‘வெள்ளைப்பூடு (3)’ என்ற குறிப்புக்கு உள்ளி என்று எழுதினேன். விடையில் பூண்டு என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் புள்ளி இல்லையா ஐயா?

பதில்: தரத்தான் வேண்டும். பிழை குறுக்கெழுத்தைக் கட்டியவருடையது. சரக்கு, அதாவது மசாலாப் பொருட்களுக்கு எங்கள் பெயரும் தமிழ்நாட்டுப் பெயரும் பல இடங்களில் எழுத்தெண்ணிக்கையில் ஒத்துப்போகும். உள்ளி, பூண்டு இரண்டும் 3. கறுவா, பட்டை இரண்டும் 3. காய்ந்த மிளகாய்க்குச் செத்தல், வற்றல் இரண்டும் 4. ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பேனையால் எழுதாதீர்கள். குறுக்கே வரும் சொல் 2ஆம் கட்டத்தில் ள் தருகிறதா, ண் தருகிறதா என்று பாருங்கள். கட்டுகிறவர் அந்தக் கட்டத்தைக் குறுக்குச் சொல்லால் பூட்டியிருக்க வேண்டும். கராம்பு, கிராம்பு என்றால் முதற் கட்டத்தையே பூட்ட வேண்டும்; மற்ற மூன்றும் ஒன்றுதான்.

கேள்வி (கிண்ணியா): இலவங்கம் எண்டா கறுவாவா, கராம்பா?

பதில்: கராம்பு. இலவங்கப்பட்டைதான் கறுவா. முன்னதற்கு 6 கட்டம், பின்னதற்கு 9.

கேள்வி (நிலாவெளி): பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 7×7 கட்டம் போடுகிறேன். முதல் வரிசையில் மிளகு வைத்தேன். நடு எழுத்திலிருந்து கீழே ஒரு சொல்லும் வருகுதில்லை.

பதில்: வராது டீச்சர். ள வில் சொல் தொடங்காது. ட வுக்கு டயர், ற வுக்கு றப்பர் என்று இரவல் வாங்கலாம். ள வுக்கு அதுவும் கிடைக்காது. புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான், சொல்லுக்கு முதலில் நிற்காது. மிளகை 2ஆம் வரிசைக்கு இறக்குங்கள். மேலே ஒரு கட்டம் கிடைத்துவிடும். இளநீர் மேலிருந்து கீழாக ஓடும்.

சரக்குச் சொற்களில் புள்ளியெழுத்து நிறைய. கொத்தமல்லியின் 6 கட்டத்தில் 2 புள்ளியெழுத்து. அவற்றின் கீழ்க் கட்டத்தைக் கறுப்பாக்கி விடுவது சுகம். முதல் சோடிக்கு இதை வைத்துப் பாருங்கள்: 2ஆம் வரிசையில் இலவங்கம், அதன் ல வுக்கு மேலே ஏ, கீழே ம். ஏலம் தானாக விழும். இன்னொன்று, சந்திக்கும் எழுத்து அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். கு வும் கூ வும் ஒரே கட்டத்தில் குடியிருக்காது.

கேள்வி (மூதூர்): இரட்டை அர்த்தக் குறிப்புக்குத் தோதான சரக்குகள் எவை?

பதில்: முதலில் காயம். புண், உடம்பு, பெருங்காயம் மூன்றும் அந்த 3 எழுத்துக்குள் அடங்கும். இஞ்சி என்றால் கோட்டை மதில் என்றும் பொருள். பிரட்றிக் கோட்டை இருக்கிற ஊரில் ‘கோட்டையைச் சுற்றியது, தேநீரிலும் விழும் (3)’ என்று கேட்காமல் விடலாமா? ‘மீன் வாடியில் கூவுவார்கள், வட்டிலப்பத்தில் மணக்கும் (3)’ ஏலம். ‘விரைந்து போ, தாளிக்கையில் வெடிப்பாய் (3)’ கடுகு. கடுகுதல் என்றால் விரைதல். ‘வேள்வி, வயிற்றுப் பொருமலுக்கும் ஆகும் (3)’ ஓமம்.

எனக்குப் பிடித்தது இது: ‘கம்புக்குள் இரவு புகுந்தால் பல்வலிக்கு மருந்து (4)’. கம்புக்கு நடுவே ரா வைத்தால் கராம்பு. கிராம்பு என்று எழுதுகிறவர்களுக்கு இது சரிவராது, ஏனென்றால் அதில் ரா வை எடுத்தால் மிஞ்சுவது ‘கிம்பு’. இப்படியான குறிப்புக்குப் பக்கத்தில் ‘ஈழ வழக்கு’ என்று போட்டுவிடுங்கள், சண்டை வராது.

கேள்வி (தம்பலகாமம்): ‘சங்ககாலத்து மிளகு (2)’. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பதில்: கறி. இன்று சட்டியில் கொதிப்பதைச் சொல்கிறோம். அன்று அது மிளகின் பெயர். யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதாக அகநானூற்றில் வரும். மீன்கறியை ஏற்றிப்போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.